கல்யாண பிளவுஸ் ஆர்டர்: துணியை ஃப்ரேமில் கட்டுவதற்கு முன்

கும்பகோணத்தில் 12 வருடமாக ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டுக் கொடுக்கிறேன். கொக்கி போன்ற ஊசியால் துணியில் நூலும் மணியும் வைத்துப் போடும் கை எம்பிராய்டரிதான் ஆரி. முதலில் அக்கம்பக்கத்து ஆர்டர்தான். அப்புறம் இன்ஸ்டாகிராமில் போட்டோ போட ஆரம்பித்தேன். இன்றைக்கு வருகிற கல்யாண ஆர்டர்களில் பாதிக்கு மேல் நான் நேரில் பார்க்காத பெண்களுடையவை. ஓசூர், சென்னை, பெங்களூரு, எப்போதாவது சிங்கப்பூர். ஆரி கற்றுக்கொண்டு ஆன்லைனில் விற்க நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த டிசைன் ஓடும், என்ன ரேட் வைக்கலாம் என்பதுதான். அளவு எப்படி வாங்குவது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசி முகூர்த்தம். மாம்பழ மஞ்சள் புடவை, அரக்கு பார்டர். பார்டர் கலருக்கு ரா சில்க் எடுத்து, முழங்கை வரை கட் பீட்ஸும் (சின்னக் குழல் மணி) ஜர்தோசியுமாக (சுருள் ஜரிகைக் கம்பி) நிரப்பியிருந்தோம். கல்யாணப் பெண் அளவுகளை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பியிருந்தார். கைச் சுற்றளவு 11 இன்ச். அதை எந்த இடத்தில் வைத்து அளந்தார், புஜத்திலா, முழங்கைக்குச் சற்று மேலேயா என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு போன் வந்தது. "அக்கா, கை ஏறவே மாட்டேங்குது."

சாதா பிளவுஸ் என்றால் உள்பிடிப்பை, அதாவது தையலுக்கு உள்ளே விட்ட கூடுதல் துணியை, பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆரி ஒர்க் பிளவுஸில் மணி தையல் கோடு வரை வந்திருக்கும். பிரித்தால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் துணி பளிச்சென்று தெரியும். கடைசியில் அவர் ஊரிலேயே ஒரு டெய்லர் அக்குளிலிருந்து கை ஓரம் வரை ஒட்டுத்துணி கொடுத்துத் தைத்தார். அந்தப் பெண் முகூர்த்தம் முழுக்கக் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாராம். என்னிடம் கோபப்படக்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு வலிக்கிறது.

அதிலிருந்து டைப் செய்த அளவை நம்பி நான் துணியைத் தொடுவதில்லை. அளவு பிளவுஸ் கூரியரில் வந்தாக வேண்டும். அதுவும் பீரோவில் பழசாகக் கிடப்பது வேண்டாம். துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், இல்லையென்றால் தளர்ந்திருக்கும். கடந்த ஆறேழு மாதத்தில் தைத்தது, இப்போது போட்டால் சரியாக நிற்பது, அதைத்தான் கேட்கிறேன். வந்ததும் தரையில் விரித்து நானே அளந்து எழுதுவேன். பிறகு வீடியோ காலில் அந்தப் பெண்ணின் அம்மாவோ அக்காவோ டேப் பிடிக்க, மார்பு, இடுப்பு, புஜம், ஆர்ம்ஹோல் (தோளில் கை பொருந்தும் இடத்தின் சுற்றளவு) என்று நான்கு இடத்தை மட்டும் சரிபார்ப்பேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வேலை நிற்கும்.

இன்னொன்று. ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டித்தான் ஒர்க் போடுகிறோம். இறக்கியதும் அது கொஞ்சம் உள்வாங்கும். அடர்த்தியாக மணி வைத்த கையில் கால் இன்ச் வரை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். டிரேஸ் எடுக்கும்போதே, அதாவது டிசைனைத் துணியில் வரையும்போதே, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையின் அடிப்பக்கத்தில் தையலுக்கு இருபுறமும் ஒரு இன்ச்சுக்கு இப்போது நான் ஒர்க்கே வைப்பதில்லை. உள்ளே ஒன்றரை இன்ச் பிடிப்பு விடுகிறேன். கல்யாணம் நெருங்கும்போது சிலர் இளைப்பார்கள், சிலர் சதை போடுவார்கள். பிரித்துத் தைக்க இடம் வேண்டும். மணி உரசி அக்குள் சிவந்துபோவதும் இதனால் தவிரும்.

அளவு என்று வரும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது. "பிளவுஸ் போட்டு முன்னாடி, பின்னாடி, சைடு போட்டோ அனுப்புங்க" என்று கேட்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பெண்களே, யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். பிளவுஸ் தைக்க அந்தப் போட்டோ தேவையே இல்லை. தரையில் விரித்த பிளவுஸ் மேல் டேப்பை வைத்து எடுத்த படம் போதும். அந்தப் பக்கம் போனை வைத்திருப்பது பெண்தானா என்பதே நமக்குத் தெரியாது. ஒரு பெண் கேட்காமலேயே எனக்கு அப்படி அனுப்பிவிட்டால், உடனே அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று சொல்லியும் விடுவேன்.

கலர் அடுத்த தலைவலி. பட்டில் பாவு (நீள இழை) ஒரு கலர், ஊடை (குறுக்கு இழை) ஒரு கலர் என்று நெய்த புடவையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ப நிறம் மாறும். மயில்கழுத்து போன்ற கலரை போன் கேமரா ஒருமுறை நீலமாகவும் ஒருமுறை பச்சையாகவும் காட்டும். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் சொல்லும் எம்.எஸ். ப்ளூ என்றால் ஆளுக்கொரு நீலம் மனதில் இருக்கிறது. அதனால் புடவையோடு வந்த பிளவுஸ் துணியில் ஒரு துண்டாவது கைக்கு வர வேண்டும். காலை பத்து மணி வாக்கில் வாசலில் நின்று நூலை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பொருந்திய நூல் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகான போட்டோவெல்லாம் அந்தக் கடையில் செய்த வேலையாக இருக்க வேண்டியதில்லை. நான் போட்ட கைகளையே வேறொரு பக்கத்தில் வேறு பெயரில் பார்த்திருக்கிறேன். "பின்பக்கத்தைக் காட்டுங்க" என்று வீடியோ கேளுங்கள். ஆரி ஊசியில் போட்ட சங்கிலித் தையல் மேலே கண்ணி கண்ணியாகத் தெரியும், அடியில் ஓட்டுத் தையல் மாதிரி ஒற்றைக் கோடாக ஓடும், நூல் முடிகிற இடத்தில் முடிச்சு இருக்கும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியின் அடியில் பாபின் நூல் (மெஷினின் கீழ் நூல்) தெரியும், பெரும்பாலும் வெள்ளை. கூடவே பேப்பர் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் ஒர்க் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதைக் கை வேலை என்று சொல்லி, கை வேலைக்கான விலையை வாங்குவதுதான் தப்பு. என்னிடம் ஒரு கையை நிரப்ப இரண்டு பெண்கள் மூன்று நாள் ஃப்ரேமுக்கு முன் குனிந்து உட்காருகிறார்கள். பேரம் பேசிக் குறைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயும் அவர்கள் கூலியில்தான் போய் விழும். அதனால் நான் விலையைக் குறைப்பதில்லை. பட்ஜெட் குறைவு என்றால் ஒர்க்கைக் குறைத்துக் காட்டுகிறேன்.

பணம். பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் டிரேசிங். மீதி, முடிந்த பிளவுஸை வீடியோவில் காட்டிய பிறகு, கூரியருக்கு முன். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள், பேங்க் கணக்கைத் திறந்து பாருங்கள். "தெரியாம பத்தாயிரம் அதிகமா போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று அவசரப்படுத்தினால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் ஜிஎஸ்டி விஷயத்தை முதல் ஆர்டருக்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்" என்று பக்கத்தின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம் அல்லவா? 2020-ல் வந்த மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருளில் குறை இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பின் வந்தாலோ, ஆன்லைன் தளம் வழியாக விற்பவர் திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாங்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். விதியை விடுங்கள். அளவை நான் தப்பாக எடுத்தால் அது என் தப்பு, பணத்தைத் தருவதுதான் முறை. அளவு, கலர், டிசைன், தேதி நான்கையும் ஒரே மெசேஜில் எழுதி அனுப்பி "சரி" என்ற பதில் வந்த பிறகே துணியை ஃப்ரேமில் கட்டுகிறேன். பிறகு யார் பக்கம் தப்பு என்று சண்டையே வருவதில்லை.

தேதி. முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் பிளவுஸ் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்து, ஏதாவது என்றால் திரும்பி வந்து போக நேரம் வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் ஆர்டர் குவியும். அப்போது வருகிற "பத்து நாள்ல வேணும்க்கா" ஆர்டரை எடுக்காதீர்கள். போன தை மாதம் மட்டும் ஏழு பேருக்கு இல்லை என்று சொன்னேன். மனசு கேட்கத்தான் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் போட்ட ஒர்க் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அனுப்பும்போது உள்பக்கத்தைத் திருப்பி அந்தப் பக்கம் மட்டும் இஸ்திரி போட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கிறேன். ஜர்தோசி மேல் சென்ட் படாமல் பார்த்துக்கொள்ளும்படி ஒரு சீட்டு, கருத்துப்போகும் என்பதால். கூடவே ஒரு சின்ன கவரில் அதே நூல் கொஞ்சம், பதினைந்து இருபது கட் பீட்ஸ், மெல்லிய ஊசி ஒன்று. மண்டபத்தில் மணி ஏதாவது உதிர்ந்தால் அங்கே யாராவது ஒரு அத்தைக்குத் தைக்கத் தெரிந்திருக்கும்.