உடலுக்கு முன்பே பிறந்த பசை

கடல்நீர்த் துளி ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், சில வேளைகளில் முட்டை வடிவச் செல் ஒன்று கண்ணில் படும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. உச்சியில் சாட்டைபோல ஓர் இழை. அதைச் சுற்றி மெல்லிய விரல்களால் ஆன வேலி. சாட்டை அசைய அசைய நீர் ஓடும். நீரோடு வரும் பாக்டீரியாக்கள் வேலியில் சிக்கி இரையாகும். இதுதான் கோவானோஃபிளாஜெல்லேட். இன்று வாழும் ஒருசெல் உயிரிகளில் விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு.

கடற்பஞ்சு என்ற எளிய விலங்கின் உள்ளறைகளிலும் இதே சாயலில் செல்கள் வரிசையாக நின்று நீரை இறைக்கின்றன. 1860களிலேயே அமெரிக்க இயற்கையியலாளர் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் இந்த ஒற்றுமையைக் கண்டு சொன்னார். ஆனால் சாயலை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. மரபணுக்களும் சாட்சி சொல்ல வேண்டும்.

2008இல் மோனோசிகா என்ற கோவானோஃபிளாஜெல்லேட் இனத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது. அதில் கேட்ஹெரின் குடும்பத்து மரபணுக்கள் இருபதுக்கும் மேல் இருந்தன! நம் தோலில் செல்லோடு செல்லைப் பிணைத்து வைக்கும் பசைப் புரதம் அது. தனித்துத் திரியும் செல்லுக்குப் பசை எதற்கு? இரையான பாக்டீரியாவைப் பற்றிக்கொள்ள உதவியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. எனக்கு மிகவும் பிடித்த விளக்கமும் அதுதான்: இரை பிடித்த கையே பின்னாளில் உறவைப் பிடித்தது.

இன்னொரு இனமான ரோசெட்டா சில நேரம் பூங்கொத்துபோலக் கூட்டமாகிறது. எங்கிருந்தோ வந்த செல்கள் ஒன்றுசேர்வதால் உருவாகும் கூட்டமன்று இது. ஒரே தாய்ச்செல் பிரிகிறது. பிரிந்த செல்கள் முழுதாக விலகாமல் மெல்லிய பாலங்களால் இணைந்தே நிற்கின்றன. சாட்டைகள் எல்லாம் வெளிப்புறம் பார்க்கின்றன. இது முக்கியமான செய்தி. எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள் இருப்பதால், ஒன்று மற்றொன்றுக்காக உழைத்தாலும் நட்டமில்லை. நம் கருவும் ஒரே செல்லிலிருந்து இப்படிப் பிரிந்துதான் வளர்கிறது.

இந்தக் கொத்து உருவாகத் தூண்டுவது எது? அமெரிக்க உயிரியலாளர் நிக்கோல் கிங்கின் ஆய்வகம் 2012இல் விடை சொன்னது: அருகில் வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் கொழுப்புப் பொருள். அந்த பாக்டீரியா இல்லாத வளர்ப்பில் செல்கள் தனித்தனியாகவே திரிந்தன. திரும்பச் சேர்த்ததும் கொத்துகள் மீண்டும் தோன்றின.

விலங்குகளுக்கு இவற்றைவிடத் தொலைவான உறவான குரோமோஸ்பேரா பெர்கின்சி என்ற ஒருசெல் உயிரி, ஹவாய்க் கடலடி மண்ணில் கிடைத்தது. அதன் செல் வளர்ந்து முடித்தபின், மேலும் பெரிதாகாமல் உள்ளுக்குள்ளேயே இரண்டாக, நான்காகப் பிளந்து உருண்டையாகிறது. 2024இல் வெளியான அதன் படங்களைப் பார்ப்பவருக்கு, விலங்கின் இளங்கரு என்றுதான் முதலில் தோன்றும்.