டி-ஷர்ட்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நேவி புளூ, கழுத்துக்கு வெள்ளை ரிப் (இழுத்தால் நீளும் பின்னல் பட்டி), கையில் பிடித்தாலே 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இருக்கும் என்று தெரிகிற நல்ல பருத்தி. அந்த வெள்ளைக் கழுத்து முழுக்க நீலம் ஏறியிருந்தது.

"நீ பனியன் கம்பெனிலதான இருக்கற, மொதத் தண்ணிக்கே இப்படி ஆயிப்போச்சே?"

"என்னக்கா பண்ணுனீங்க?"

"சாயம் போகக்கூடாதுன்னு ராத்திரி பூரா கல்லுப்புத் தண்ணியில ஊறப்போட்டேன்."

இந்த மாதத்தில் இது மூன்றாவது. திருப்பூரிலேயே இப்படி என்றால் மற்ற ஊர்களில் எத்தனை டி-ஷர்ட் பாழாகிறதோ.

உப்புக்கும் சாயத்துக்கும் சம்பந்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சாயப்பட்டறையில் அடர் நிறம் போடும்போது லிட்டருக்கு 60, 80 கிராம் வரைகூட உப்புப் போடுவார்கள். தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதுதான் அதன் வேலை. தள்ளப்பட்ட சாயத்தை நூலோடு பிணைப்பது உப்பு அல்ல, சோடா ஆஷ் என்கிற காரப்பொடி. பெரும்பாலான சாயங்களுக்கு அதுவும் 60 டிகிரி சூட்டில் நடக்கும். பிணையாமல் மேலோட்டமாக நிற்கும் சாயத்தைப் பிறகு கொதிக்கக் கொதிக்க சோப்புப் போட்டுக் கழுவி எடுப்பார்கள். அந்தக் கழுவல் சரியில்லாத துணிதான் வீட்டில் சாயம் விடுகிறது. அதை வாளித் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சரிசெய்யாது. அந்த ஒரு தடவை தண்ணீரில் நிறம் குறைவாகத் தெரியலாம். அடுத்த துவையலில் போகத்தான் போகிறது.

அக்கா வீட்டில் நடந்ததும் இதுதான். கழன்ற நீலத்தை உப்பு பருத்திப் பக்கம் தள்ளியது. வெள்ளைக் கழுத்தும் பருத்திதானே? வாங்கிக்கொண்டது. வினிகர் ஊற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: புளிப்பு சேர்த்துச் சாயம் ஏற்றுவது கம்பளிக்கும் பட்டுக்கும். பருத்திக்கு அது வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? புது அடர் நிறத்தை முதல் மூன்று, நான்கு தடவை தனியாக, நிறையத் தண்ணீரில் துவையுங்கள். ஊறப்போடுவதென்றால் கால் மணி நேரம் போதும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டு, பச்சைத் தண்ணீரில். கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள். துணி மேல் இருக்கும் பஞ்சு நுனிகளை என்சைம் விட்டு அரித்து எடுத்து மழமழப்பாக அனுப்புகிறோம். இரண்டே தேய்ப்பில் மறுபடி பஞ்சு கிளப்பிவிட்டு "துணி மட்டம்" என்றால் எப்படி?

அப்புறம் சுருக்கம். பின்னலாடை தறித்துணி மாதிரி இல்லை. கண்ணி கண்ணியாகப் பின்னி, ஈரத்தில் இழுபட்டு வருவது. எவ்வளவு நன்றாகக் காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்கி வைப்பது) செய்தாலும் முதல் துவையலில் நாலைந்து சதவீதம் வரை உள்வாங்கலாம். அது குறை இல்லை. வெந்நீரும் டிரையர் சூடும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும், அது உங்கள் கையில்.

ஈர டி-ஷர்ட்டைத் தயவுசெய்து ஹேங்கரில் மாட்டாதீர்கள். தண்ணீர் கனத்தில் தோள் தொங்கி, இரண்டு முட்டு நிற்கும். காய்ந்த பிறகு மாட்டும்போதும் கழுத்து வழியாக ஹேங்கரை நுழைத்தால் ரிப் இளகிவிடும், கீழிருந்து நுழையுங்கள். கொடியில் பாதியாக மடித்துப் போட்டு நிழலில் காயவிடுங்கள். பிரிண்ட் மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டி வைக்க வேண்டாம்.

அக்காவின் டி-ஷர்ட்டை அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை அலசினோம். நல்லவேளையாக ஈரம் காயவில்லை. கழுத்து பாதிக்கு மேல் வெளுத்தது. மீதி நீலம் அப்படியே இருக்கிறது.