கோல்ஃப் பழகத் தொடங்குகிறீர்களா? முதலில் பந்துகளை எண்ணுங்கள்

முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், "கோல்ஃப் பழக ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "கடைசியாகப் பயிற்சிக்குப் போனபோது எத்தனை பந்து அடித்தீர்கள்?" பெரும்பாலும் வருகிற பதில், "எண்ணவில்லை, ஒரு நூறு நூற்றைம்பது இருக்கும்." எவ்வளவு நேரத்தில் என்றால், ஒரு மணி நேரத்துக்குள்.

யாரும் வந்து மோத மாட்டார்கள், ஓட வேண்டியதில்லை, அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையோடுதான் பலரும் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள். பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது வேறு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 18 குழிகளுக்குப் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு என்று வைத்த அடிகளின் எண்ணிக்கை, பொதுவாக 72. அதில் குழிக்கு 2 வீதம் 36 அடிகள், கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பட்டர் என்ற மட்டையால் மெல்ல உருட்டுவதற்கு என்று வைத்த கணக்கு. மீதி 36 அடிகள்தான். அவையும் சுமார் 4 மணி நேரத்தில், நடுநடுவே நடந்து நடந்து அடிப்பவை. புதியவருக்குக் கூடுதலாகத் தேவைப்படும், சரி. ஆனாலும் டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சித் திடலில் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கமாக உடம்பைச் சுழற்றி, இடைவெளி விடாமல் நூறு பந்து அடிப்பது உடம்புக்கு வேறு விஷயம். தசையும் தசைநாணும் அந்த வேலைக்கு இன்னும் பழகவே இல்லை. முதல் மாதத்தில் ஒரு தடவைக்கு 30 அல்லது 40 பந்து போதும் என்றுதான் நான் சொல்கிறேன். அதிலும் பாதி, சின்ன ஸ்விங்காக, அதாவது சின்ன வீச்சாக இருக்கட்டும்.

முதுகு ஏன் முதலில் வலிக்கிறது? கீழ் முதுகில் இருக்கும் 5 எலும்புகளும் முன்னும் பின்னும் குனிந்து நிமிர்வதற்கு ஏற்ற அமைப்பு கொண்டவை. சுழல்வது அவற்றின் வேலை இல்லை. ஐந்தும் சேர்ந்தும் சில டிகிரிதான் திரும்பும். கோல்ஃப் ஸ்விங்கின் சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்தும் விலா எலும்புகள் சேரும் மேல் முதுகிலிருந்தும் வர வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இறுகிப்போயிருப்பதும் இதே இரண்டு இடங்கள்தான். அவை திரும்ப மறுத்தால், அந்த வேலையைக் கீழ் முதுகு இழுத்துப் போட்டுக்கொள்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, கிளப்பை (கோல்ஃப் மட்டையை) தோள்களின் குறுக்கே பிடித்துக்கொண்டு திரும்புங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரி அளவுக்குத் திரும்ப முடிகிறதா? முடியவில்லை என்றால், தொலைக்காட்சியில் பார்க்கிற பெரிய பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் ஓங்குவது) இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். கைகள் இடுப்பு உயரம் வரை போகிற ஸ்விங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல் முதுகு இளகும்போது ஸ்விங்கும் தானாகப் பெரிதாகும்.

நிற்கும் நிலையிலும் இதே கவனம் வேண்டும். ஒரு கிளப்பை முதுகெலும்பு நெடுக வைத்துப் பிடியுங்கள். பின்தலை, மேல் முதுகு, இடுப்பின் பின்புறம் என மூன்று இடத்திலும் அது ஒட்டியிருக்க வேண்டும். அப்படியே பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஒன்று விலகினாலும் நீங்கள் வளைப்பது முதுகை, மடக்க வேண்டியதோ இடுப்பு மூட்டை. வலது கை ஆட்டக்காரராக இருந்தால், இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி நில்லுங்கள். அடித்து முடிக்கும்போது இடது முழங்கால் மீதும் இடுப்பு மீதும் விழும் முறுக்கு குறையும்.

அப்புறம் பிடி. கீழே இருக்கும் கையின் சுண்டுவிரலை மேலே இருக்கும் கையின் ஆள்காட்டி விரல் மேல் ஏற்றி வைப்பது பழைய சாம்பியன் ஹாரி வார்டனால் பிரபலமான முறை. இரண்டு விரலையும் பின்னிக்கொள்வது சாம்பியன்கள் ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் பிடித்த முறை. பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பிடிக்கவும் செய்யலாம். எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பிடியின் இறுக்கத்தில்தான் எனக்குக் கவலை. கிளப் உள்ளங்கையில் அல்ல, விரல்களில் உட்கார வேண்டும். முன்கை நரம்பு புடைக்கிற அளவுக்கு இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், பந்தும் தூரம் போகாது. நாளடைவில் முழங்கையில் வலி வரும். முழங்கையின் உள்பக்க வலிக்கு 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு வெளிப்பக்க வலியும் நிறைய வருகிறது.

பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் புதியவர் எல்லோரிடமும் இருக்கிறது. தூக்குகிற வேலையைக் கிளப் முகத்தின் சாய்வே செய்துவிடும். மணலிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் என்ற கிளப்பில் அந்தச் சாய்வு சுமார் 56 டிகிரி. நீங்கள் பின்னால் சாய்ந்து தூக்கப் பார்த்தால், கிளப் பந்துக்கு முன்பே தரையில் மோதும், கீழ் முதுகும் நெரியும். மெல்லிய உலோகத் தலை கொண்ட அயர்ன் கிளப்பில் முதலில் பந்து, பிறகுதான் புல். ரேஞ்சில் விரித்திருக்கும் பாயில் இந்தத் தவறு தெரியாமலே போய்விடுகிறது. தரையில் மோதிய கிளப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், பந்தும் பறக்கும். பாய்க்கு அடியில் கெட்டியான தளம் இருந்தால் அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்குத்தான். இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பாகம் வலித்து, பிடிக்கும்போது கூடுகிறது என்றால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். கிளப் கைப்பிடியின் முனை அழுத்தி அங்கே உள்ள சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதும் உண்டு.

"தலையைத் தூக்காதே" என்ற அறிவுரையைப் பலர் அளவுக்கு மீறிக் கடைப்பிடிக்கிறார்கள். பந்து போன பிறகும் தலையைக் கீழேயே அமுக்கி வைத்தால், கழுத்தும் முதுகும் எதிரெதிராக முறுக்கிக்கொள்ளும். அடித்ததும் தலை உடம்போடு சேர்ந்து எழட்டும், வலது குதிகால் தரையை விட்டுக் கிளம்பட்டும்.

பழகுகிற வரிசையையும் மாற்றச் சொல்வேன். அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குழியை நோக்கிப் பட்டரால் உருட்டுவதில் தொடங்கி, வெட்ஜால் சின்ன அடிகள், பிறகு அரை ஸ்விங் என்று போனால் உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். பாதி அடிகள் பட்டருக்கு என்று கணக்கு வைத்த ஆட்டத்தில் இது வீண் வேலையும் இல்லை. குனிந்தே நிற்பதும் முதுகுக்கு ஆகாது, ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். முதல் பந்துக்கு முன் 10 நிமிடம் வேகநடை, காலை முன்பின் வீசுதல், கிளப்பைத் தோளில் வைத்துத் திரும்புதல், பந்தில்லாமல் சில சின்ன ஸ்விங். பிள்ளைகளை அழைத்துப் போனால், கிளப் சுழலும் எல்லைக்குள் அவர்கள் வராமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாள் தசை வலித்து இரண்டு நாளில் அடங்கினால் பயப்பட வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, கிளப்பை எடுக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடைகளின் இடுக்கு மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.