கருப்பதிதல்: பதித்தது யார்?

கரு கருப்பையின் உட்சுவரில் ஒட்டிப் புதைவதற்குத் திருகோணமலை வீட்டுப் பேச்சில் ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: தங்குதல். "போன மாதம் முழுகாமல் இருந்தவள், தங்கேல்ல" என்று தம்பலகாமத்து ஆச்சி ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். உயர்தர உயிரியல் வகுப்பில் அதே சங்கதி 'உட்பதித்தல்' ஆகிறது. ஆங்கிலத்தில் இம்பிளான்டேஷன்.

ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது தோட்ட வேலை. இலத்தீனில் 'பிளாண்டா' என்றால் நடுவதற்கு எடுத்த தளிர், 'இம்' உள்ளே. நம்முடைய பதியமும் தோட்டத்துச் சொல்தான். ஆனால் மல்லிகைக் கொப்பைப் பதி வைத்தால், தாய்ச்செடியோடு இணைந்தபடியே வேர்விட்டுப் பிறகு பிரியும். கரு தலைகீழ்: தனியாக வந்து, பிறகு இணைகிறது.

கருக்கட்டல் நடப்பது பலோப்பியன் குழாயில். பிரிந்து பெருகியபடி கருப்பையை நோக்கி நகரும் நுகம் (கருக்கட்டிய முட்டை), 5 ஆம் நாளளவில் உள்ளே நீர் கோத்த சிறு கோளமாகிறது. சுற்றியிருந்த உறையைக் கிழித்து வெளியேறி, 6 அல்லது 7 ஆம் நாளில் கருப்பையின் உட்சுவரில் ஒட்டுகிறது. கோளத்தின் வெளிப்புறக் கலங்கள் சுவரை அரித்து நுழைய, 12 ஆம் நாளுக்குள் கரு முழுதாகப் புதைந்துவிடும். அதே கலங்கள் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஓமோன் சூலகத்துக்குச் சேதி சொல்வதால்தான் மாதவிலக்கு வராமல் நிற்கிறது. பார்மசிச் சோதனைக் குச்சி தேடுவதும் அதைத்தான்.

இங்கேதான் 'பதித்தல்' இடிக்கிறது. அது பிறவினை, பதிக்க ஒருவர் வேண்டும். கைத்தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைப்பதைப் பதித்தல் எனலாம், வைப்பவர் வைத்தியர். சோதனைக்குழாய் முறையிலோ அவர் கருவை உள்ளே விடுவதோடு சரி. பதிவது அதன் பாடு. ஆகவே தன்வினையில் 'கருப்பதிதல்' என்பேன். 'கருப்பதிவு' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, எனக்குத்தான் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவுக்கு வரிசையில் நிற்கும் நினைவு வருகிறது.

ஆச்சியின் 'தங்குதல்' தன்வினை, இலக்கணம் சரி. ஆனால் அகலமான சொல். பதிவது சில நாள் வேலை, தங்குவது மாதக்கணக்கு. குழாயிலேயே பதிந்துவிடும் கருவும் உண்டு. அது பதிந்ததுதான், தங்காது; குழாய் வெடிக்குமுன் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.