கல்லை உடைத்தாயிற்று, அது வெளியேறியதா என்று பார்த்தீர்களா?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்குழாயில் அடைத்திருந்த கல்லுக்கு அதிர்வலை சிகிச்சை செய்துகொண்டு, வலி நின்றுவிட்டதால் மறுபரிசோதனைக்கே வராமல் இருந்துவிட்ட ஒருவரைப் பல மாதங்கள் கழித்து அண்மையில் மீண்டும் பார்க்க நேர்ந்தது. வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் அவருடைய இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது. இரத்தத்தை வடிகட்டும் வெளிப்புறத் திசு காகிதம்போல் மெலிந்திருந்தது. சிடி ஸ்கேனில் பார்த்தால், உடைந்த கல்லின் துணுக்குகள் சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி அடைத்துக் கிடந்தன. இரண்டு சிறுநீரகங்களின் பங்கையும் தனித்தனியாக அளக்கும் ஐசோடோப் ஸ்கேனில் இடதுபக்கத்தின் பங்கு 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. “வலியே இல்லையே டாக்டர், பிறகு எதற்கு வருவது என்றுதான் இருந்துவிட்டேன்” என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டாகிவிட்டது. இனியும் ஒருவர் இதைச் சொல்லும் நிலை வரக்கூடாது என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்ட இந்த அதிர்வலை சிகிச்சை, கத்தி படாமல் கல்லை உடைக்கலாம் என்பதை நிரூபித்து, சிறுநீரகக் கல் மருத்துவத்தையே மாற்றியமைத்தது. உடலுக்கு வெளியே உருவாக்கப்படும் அதிர்வலைகள் கல்லின்மீது குவிக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் 2000 முதல் 3000 அதிர்வுகள் கொடுக்கப்படும். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தைவிட 60 முதல் 90 வரை நிதானமாகக் கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது, சிறுநீரகத்துக்கும் காயம் குறைகிறது. எனவே சிகிச்சை மெதுவாக நடக்கிறதே என்று யாரும் மேசையில் படுத்துக்கொண்டு அவசரப்படுத்த வேண்டாம்.

ஆனால் கருவியின் வேலை கல்லை உடைப்பதோடு முடிந்துவிடுகிறது. அது கல்லைக் கரைப்பதுமில்லை, வெளியே எடுப்பதுமில்லை. உடைந்த துணுக்குகளைச் சிறுநீர்தான் அடித்துக்கொண்டு வரவேண்டும். அதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். கல் சரியாக உடையாமல் இரண்டாவது முறை அதிர்வலை தேவைப்படுவதும் உண்டு. ஆகவே, சிகிச்சை முடிந்தது என்று சொல்லும் தகுதி அந்த மேசையைவிட்டு இறங்கும் நாளுக்குக் கிடையாது. குழாய் முழுவதும் காலியாக இருக்கிறது என்று ஸ்கேன் காட்டும் நாளுக்குத்தான் உண்டு.

வலி நின்றால் கல் போய்விட்டது என்ற நம்பிக்கைதான் இத்தனை சிறுநீரகங்களைக் கெடுக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாங்க முடியாத வலி, கல் உரசுவதால் மட்டும் வருவதன்று. அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, அழுத்தம் திடீரென்று ஏறுவதால் வருவது. அடைப்பு நீடிக்கும்போது அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது, அது வடிகட்டும் அளவும் குறைகிறது, அதனால் உள்ளே இருக்கும் அழுத்தமும் தணிகிறது. அழுத்தம் தணிந்தால் வலியும் தணியும். அதாவது, கல் இருந்த இடத்திலேயே இருக்க, சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொண்டதாலேயே வலி நின்றிருக்கக்கூடும். முழு அடைப்பு இரண்டு வாரங்களைத் தாண்டினால், பிறகு அதை நீக்கினாலும் இழந்த செயல்திறன் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. வாரங்கள் கூடக்கூட அந்த வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும்.

“சிறுநீர் நன்றாகப் போகிறதே, கிரியாட்டினினும் சரியாக இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு; சிறுநீரகங்களின் வேலை குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். மறுபக்கச் சிறுநீரகம் நலமாக இருந்தால், அது ஒன்றே இரண்டின் வேலையையும் செய்து சிறுநீரின் அளவையும் கிரியாட்டினினையும் இயல்பாக வைத்திருக்கும். ஆகவே இவ்விரண்டும் சரியாக இருப்பது, அடைபட்ட பக்கம் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கோ இந்த அவகாசமும் கிடையாது. அவர் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாகவே தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: நீங்கள் அடைப்பை மறைக்கிறீர்கள், அதே வேளையில் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தின்மேல் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறீர்கள்.

எல்லாக் கல்லுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், கீழ் அறையில் தங்கிவிட்ட பெரிய கல், சிடி ஸ்கேனில் 1000 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுகளுக்கு மேல் அடர்த்தி காட்டும் கல் ஆகியவற்றில் வெற்றி வாய்ப்பு குறைவு. பக்கத்துவீட்டுக்காரருக்குப் பலித்தது என்பதற்காக அதையே கேட்டு அடம்பிடிக்காதீர்கள்; உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) செலுத்தி லேசரால் உடைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரில் தொற்று உள்ளவர்களுக்கு அது குணமாகும்வரையிலும், இரத்தம் உறையாத நிலையில் இருப்பவர்களுக்கும் அதிர்வலை கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் அதை மறைக்கவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். இதய மருத்துவரைக் கலந்து முடிவெடுப்பது எங்கள் பொறுப்பு.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து போவது இயல்புதான். ஆனால் கட்டிகட்டியாக இரத்தம் வந்தாலோ, விலாப்புறத்தில் வலி ஏறிக்கொண்டே போய்த் தலைசுற்றல் வந்தாலோ, சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம், உடனே வரவேண்டும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரங்களிலேயே கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரைகள் மட்டும் அதைத் தடுக்காது, தேங்கிய சிறுநீரை வடித்துவிட வழி செய்தாக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவரிடம் “கல்லுக்கு அதிர்வலை கொடுத்திருக்கிறார்கள், இப்போது காய்ச்சல்” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். காய்ச்சலை மட்டும் சொன்னால் அடைப்பின்மீது கவனம் போகாமல் போய்விடலாம்.

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். கடும் வலி வந்துகொண்டிருக்கும்போது மட்டும் கல்லைத் தள்ளிவிடலாம் என்று குடம் குடமாகக் குடிக்காதீர்கள். அடைப்புக்கு மேலே அழுத்தம்தான் கூடும். சிறுநீரை ஒரு மெல்லிய வலைத்துணியில் வடிகட்டி, கிடைக்கும் துணுக்குகளைக் காயவைத்து எடுத்துவாருங்கள். பலர் அருவருப்புப்பட்டு இதைச் செய்வதில்லை. ஆனால் யூரிக் அமிலக் கல்லா, ஆக்சலேட் கல்லா, தொற்றினால் உண்டான கல்லா என்பது தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி சொல்ல முடியும். துணுக்கு வெளியே வந்துவிட்டது என்பதற்காக ஸ்கேனைத் தவிர்த்துவிடாதீர்கள். வந்தது ஒன்று, உள்ளே நிற்பவை சிலவாக இருக்கலாம்.

சிறுநீர் தடையின்றி வடிவதற்காகச் சிறுநீர்க்குழாயின் உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைக்கப்பட்டிருந்தால், அதை எடுக்கவேண்டிய தேதியை நோயாளி மட்டுமல்லாமல் வீட்டில் இன்னொருவரும் குறித்து வைத்துக்கொள்ளட்டும். மறக்கப்பட்ட ஸ்டென்ட்டின்மீது மாதக்கணக்கில் உப்பு படிந்து, அதுவே கல்லாகி, ஒரு சிறிய கல்லுக்காக வந்தவர் பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்கிறது. மருத்துவமனையைவிட்டுக் கிளம்பும் முன்பே மறுபரிசோதனைக்கும் ஸ்டென்ட் எடுப்பதற்கும் தேதிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுக்க மறந்தால் தயங்காமல் கேளுங்கள்.