மர்மமும் வர்மமும்

தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் தமிழ், மலையாள நாளிதழ்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். தமிழில் ‘மர்ம நபர்’ என்றால் யாரென்றே தெரியாத ஆள். மலையாளத்தில் ‘மர்மப்பிரதானம்’ என்றால் மிக முக்கியமானது. சொல் ஒன்றுதான், பொருளில் இவ்வளவு தூரம்.

வடமொழியில் ‘மர்மன்’ என்பது உடம்பில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் இடம். சுசுருத சம்ஹிதை இப்படி 107 இடங்களைச் சொல்கிறது. உயிர் இருக்கும் இடம் என்பதால் அதை மூடிக் காக்க வேண்டும். மூடிக் காக்க வேண்டியது என்பதிலிருந்து இரகசியம் என்ற பொருளும் அந்த மொழியிலேயே கிளைத்துவிட்டது. மலையாளம் முதற்பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்றைய தமிழில் இரகசியம்தான் மிஞ்சியது.

அப்போ முதற்பொருள் தமிழில் எங்கே போனது? குமரி மாவட்டத்தின் தற்காப்புக் கலையிலும் வைத்தியத்திலும் ‘வர்மம்’ என்று வாழ்கிறது. மிஞ்சு–விஞ்சு, வானம்–மானம் என மகரமும் வகரமும் இடம் மாறுவது தமிழ் நாக்குக்குப் பழக்கம்தான். வடமொழியில் ‘வர்மன்’ என்றால் கவசம். ‘உன் மர்மங்களை வர்மத்தால் மூடுகிறேன்’ என்று போருக்குப் புறப்படும் வீரனை வாழ்த்தும் வரி ரிக் வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் இருக்கிறது. மூடப்படும் இடத்துக்கு மூடும் கவசத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதுபோல எனக்குத் தோன்றும்.

வர்ம ஏடுகளில் பெருவழக்கான கணக்கு 108: அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு ஆபத்தில்லாத தொடுவர்மம் 96. புருவ மத்திக்குத் ‘திலர்த காலம்’ என்று பெயர். பெயரையும் இடத்தையும் ஏட்டில் எழுதிவிடலாம். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் எழுத்தில் அடங்காது. அந்த விசையின் அளவுக்கு ‘மாத்திரை’ என்று பெயர். கால், அரை, முக்கால், முழு என்று போகும். அரை மாத்திரை எப்படியிருக்கும் என்பதை ஆசானின் விரல் மாணவனின் தோளில் அழுந்தித்தான் சொல்லித்தர வேண்டும்.

சிறுவயதில் மார்த்தாண்டம் பக்கம், தென்னையிலிருந்து விழுந்த உறவினர் ஒருவரை ஓர் ஆசானிடம் தூக்கிப்போனோம். “மக்கா, நீ முற்றத்துல நில்லு” என்றார் என்னிடம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். நோயாளியின் முதுகில் ஈரத் துண்டை விரித்து, அதற்கு அடியில் கையை விட்டு, வர்ம அடியின் பாதிப்பை விடுவிக்கும் இளக்குமுறை செய்தார். விரல் எங்கே போகிறது என்று கூட நின்றவர்களுக்கும் தெரியவில்லை. இளக்கத் தெரிந்த விரலுக்கு முடக்கவும் தெரியும். அந்தத் துண்டு அங்கே இருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் கையில் எடுக்க மாணவன் இல்லாமல் ஆசானோடு போய்விட்ட இளக்குமுறைகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அடிக்கும் முறையை மூடி வைக்கட்டும், ஆற்றும் முறையைத் திறந்து கொடுத்திருக்கலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இரகசியம் என்ற பொருளுக்கு மறைபொருள், கமுக்கம், புதிர் என்று இடத்துக்கேற்ற சொற்கள் இருக்கின்றன. ‘மர்மச் சாவு’ என்பதை ‘ஐயத்துக்குரிய சாவு’ என்றால் செய்தியும் தெளிவாகும். உடம்பின் இடத்துக்கு ‘உயிர்நிலை’ பொருந்தும்; ‘உயிர்நிலையில் அடிபட்டுவிட்டது’ என்று ஊரில் பேசுகிறோமே. வைத்தியத்தின் பெயரை மட்டும் வர்மம் என்றே விட்டுவிடலாம். மர்மம் என்று எழுதினால் தமிழ் வாசகருக்குத் துப்பறியும் கதைதான் நினைவுக்கு வரும்.