ஓஃபாஸ்ட் குடிச்ச தண்ணி

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ஃபோன் பண்ணான், அண்ணே மேலூர் பக்கம் ஒரு கால்வாய்ல ஃப்ளோ மீட்டர் வச்சு மொத்தம் எத்தன லிட்டர் போச்சுன்னு கணக்கு போடுறோம், என் லேப்டாப்ல ஒரு விடை வருது, அதே கோட சர்வர்ல ஓட்டுனா ஆயிரக்கணக்குல லிட்டர் குறையுதுன்னு. மீட்டர்தான் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சு அந்த வெயில்ல ரெண்டு தடவ வண்டிய எடுத்துட்டுப் போய் பாத்துட்டு வந்துருக்கான் பாவம்.

மேக்ஃபைல (கோட எப்படி கம்பைல் பண்ணணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) அனுப்புடான்னேன். பாத்தா, லேப்டாப்ல மைனஸ் ஓ ஜீரோ (-O0), அதாவது வேகத்துக்காக கம்பைலர் கோட மாத்த வேண்டாம்னு; சர்வர்ல மைனஸ் ஓஃபாஸ்ட் (-Ofast), அதாவது எப்படியாவது வேகமா ஓட வைன்னு. அப்பவே பாதி தெரிஞ்சு போச்சு.

மொத்தத்த ஃப்ளோட்ல, அதாவது தசம எண்ணுக்கான சின்ன வேரியபிள்ல வச்சிருந்தான். ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம்தான், 16777216ஓட ஒண்ணக் கூட்டுனா திரும்பவும் 16777216தான் வரும். மாட்டுத்தாவணில பூ லாரிய எடை மேடைல நிறுத்திட்டு ஒரு முழம் மல்லிய தூக்கிப் போட்டா முள்ளு அசையுமா, அந்தக் கததான். (ஏன்டா துல்லியம் கூடுன டபுள் போடலன்னா மெமரி மிச்சமாகும்னு சீனியர் சொன்னாராம், ஒத்த வேரியபிளுக்கு என்னத்த மிச்சம்!) ஆனா பய விவரமானவன், கஹான் முறையப் போட்டிருந்தான். வில்லியம் கஹான் 1965லயே சொன்னது, மேடை ஏத்துக்காத பூவ தனியா ஒரு பையில சேத்து வை, அடுத்த தடவ போடும்போது அதையும் சேத்துப் போடு, அவ்வளவுதான். பையில எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? புது மொத்தத்துல பழைய மொத்தத்தக் கழி, அதுல இப்பப் போட்டதயும் கழி.

இங்கதான் வில்லங்கம். ஸ்கூல் அல்ஜிப்ரா படி அந்தக் கழித்தல் எப்பவும் பூஜ்யம். ஓஃபாஸ்ட்டுக்குள்ள ஃபாஸ்ட்-மேத்தும் (ரவுண்டிங்கப் பத்திக் கவலப்படாம ஸ்கூல் அல்ஜிப்ரா படி கணக்க மாத்திக்கோன்னு குடுக்குற அனுமதி) சேந்தே வருது, அது வந்துட்டா கம்பைலர் "அட இது பூஜ்யம்தானே"ன்னு பையையே தூக்கி எறிஞ்சிரும், வார்னிங் கூட வராது.

இத பக்னு சொல்லி ஜிசிசி கம்பைலர திட்டாதீங்க, அனுமதி குடுத்தது நாமதான், துல்லியமான ஐஇஇஇ விதிய (தசமக் கணக்குக்கான ஸ்டாண்டர்ட்) நம்புற புரோகிராம்ல தப்பு வரும்னு அவங்க டாகுமென்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. கிளாங்னு இன்னொரு கம்பைலர், 2024ல வந்த அதோட 19ம் வெர்ஷன்ல ஓஃபாஸ்ட்டயே இனிமே போடாதீங்கன்னு டெப்ரிகேட் பண்ணிட்டாங்க. இன்டெல்லோட பழைய சி கம்பைலர்ல நீங்க ஒண்ணும் கேக்காமலே கணக்கு மாடல் ஃபாஸ்ட்தான், அங்க இன்னும் உஷாரா இருக்கணும். இன்னொரு கூத்து, சென்சார் ரீடிங் வராத எடத்துல நேன் (NaN, "இது எண்ணே இல்ல"ங்குற அடையாளம்) போட்டு வச்சு இஸ்நேன் செக் வச்சு தள்ளுவோம்ல, ஃபாஸ்ட்-மேத் போட்டா நேன்னு ஒண்ணு வரவே வராதுன்னு கம்பைலர் முடிவு பண்ணிக்கும், அந்த செக்கே காணாம போயிரும்.

என் வழக்கம் என்னன்னா ஓ ஜீரோ, ஓ டூ (கணக்கு விதிய மீறாம வேகமாக்குறது) ரெண்டுலயும் ஒரே டேட்டாவ ஓட்டி கடைசி இலக்கம் வரைக்கும் ஒப்பிட்டுப் பாப்பேன். மார்ச்-நேட்டிவ் (அந்த மெஷின் ப்ராசசருக்குன்னே கம்பைல் பண்ணச் சொல்றது) போட்டு லேசா மாறுச்சுன்னா பெருக்கலயும் கூட்டலயும் ஒரே ரவுண்டிங்ல முடிக்கிற எஃப்எம்ஏவா இருக்கலாம், அப்படிச் சேக்க அனுமதிக்கிற எஃப்பி-கான்ட்ராக்ட்ட ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிரும்.

தம்பி ஓ டூவுக்கு மாத்தி டபுளும் போட்டான், ரெண்டு மெஷின்லயும் ஒரே விடை. புது மீட்டருக்கு கொட்டேஷன் வேற வாங்கி வச்சிருந்தானாம், இப்ப அந்தக் கடைக்காரர்கிட்ட என்னண்ணே சொல்றதுன்னு கேக்குறான்.